பெட்டி அவர்களுடையது, சீட் நம்முடையது: ஏர் கூரியர் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரியராகப் போனால் பாதி விலைக்கு வெளிநாடு போகலாமாமே என்று இன்னமும் யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1990களின் நடுவில் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரே ஒரு முறை இப்படி ஹாங்காங் போய்வந்தேன். அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஏர் கூரியர் என்றால் என்ன?

ஒரு கூரியர் நிறுவனம் விமானத்தில் சாதாரணப் பயணி டிக்கெட் ஒன்றை வாங்கும். அந்த டிக்கெட்டோடு வருகிற பெட்டி உரிமைதான் அதற்கு வேண்டும். அதில் தன் அவசரப் பொட்டலங்களை அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் சீட்டை நம்மைப் போன்ற ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடும். நாம் கைப்பை ஒன்றோடு மட்டும் போக வேண்டும். பெயர்தான் கூரியர். பெட்டியைத் தூக்குவதுகூட நம் வேலை இல்லை.

அதற்கு எதற்கு ஓர் ஆள்? சரக்காகப் போட்டால் போகாதா?

போகும், நேரம் ஆகும். சரக்கு என்றால் விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே சரக்கு முனையத்தில் ஒப்படைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கே கிடங்கில் இறங்கி, சுங்கக் காகிதங்கள் நகர்ந்து, வெளியே வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் கேட்கவே வேண்டாம். பயணியின் பெட்டியோ அவர் இறங்கிய அரை மணி, ஒரு மணி நேரத்தில் வளையத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும்; சுங்கம் அங்கேயே பார்த்து அனுப்பிவிடும்.

அந்த ஒரு நாளுக்குத்தான் காசு. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது, சரக்கை விடுவிக்க மூல ஆவணம் இன்னும் வந்து சேரவில்லை என்றால் ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கிகளுக்குக் காசோலைக் கட்டு ஒரு நாள் முன்னதாகப் போனால் ஒரு நாள் வட்டி லாபம். இதையெல்லாம் கணக்குப் பார்த்தால் ஒரு விமான டிக்கெட் விலை ஒன்றுமே இல்லை.

இதை யார் தொடங்கியது?

இன்னார்தான் முதல் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் பெரிதாக வளர்ந்த கதை டிஎச்எல்லுடையது. 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏட்ரியன் டால்சி, லாரி ஹில்ப்ளாம், ராபர்ட் லின் என்ற மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள். பெயரில் இருக்கும் மூன்று எழுத்தும் இவர்கள் மூவருடையதுதான். ஹொனலூலுவுக்குப் போகும் கப்பல்களின் சரக்குப் பத்திரங்களை விமானத்தில் முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். கப்பல் வந்து சேர்வதற்குள் சுங்க வேலை முடிந்திருக்கும். ஹில்ப்ளாம் சட்டம் படித்த காலத்திலேயே கூரியராகப் பறந்து பார்த்தவர். ஆரம்பத்தில் கொண்டுபோனதெல்லாம் ஆட்களின் பெட்டிக்குள்தான். சொந்த விமானமெல்லாம் பின்னால் வந்தது.

1980களிலும் 90களிலும் இது தனி வியாபாரமாகவே நடந்தது. லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஹாங்காங், சிங்கப்பூர், டோக்கியோ, சிட்னி என்று பணமும் காகிதமும் அதிகம் புழங்கும் ஊர்களுக்கு இடையில்தான் சீட் கிடைக்கும். லண்டனிலிருந்து மதுரைக்கு யாரும் கூரியர் அனுப்பவில்லை.

உண்மையில் எவ்வளவு மலிவு?

நான் கொடுத்தது ஒழுங்கான டிக்கெட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பொதுவாகப் பாதி விலை என்று வைத்துக்கொள்ளலாம். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும். இன்றைய விமான டிக்கெட்டுக்கு நேர் எதிர். ஒப்புக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வராமல் போய்விட்டால், நாளைக் காலையில் கிளம்ப முடிகிறவருக்குச் சும்மாவேகூடக் கொடுப்பார்கள். வேலைவெட்டி இல்லாத மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு மாற்றாக நாம் விட்டுக்கொடுப்பது மூன்று. பெட்டி கிடையாது. திரும்பும் தேதி அவர்கள் வைத்ததுதான். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம், இரண்டு என்றால் இரண்டு. தேதியை மாற்றவும் முடியாது, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கவும் முடியாது. சில இடங்களில், ஒழுங்காகத் திரும்பி வருவோம் என்பதற்கு முன்பணமும் கட்ட வேண்டும். வயது 18, சில நிறுவனங்களில் 21 ஆகியிருக்க வேண்டும்.

அந்தப் பயணம் எப்படி இருந்தது?

ஹீத்ரோவில் இத்தனை மணிக்கு, இன்ன கவுன்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கோட் போட்டிருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். என்னிடம் கோட் இல்லை. அறைத் தோழனிடம் இரவல் வாங்கினேன். கை இரண்டும் விரல் வரை வந்தது. நிறுவனத்து ஆள் வந்து டிக்கெட்டையும், பழுப்பு உறை ஒன்றையும் கொடுத்தார். உறைக்குள் பொட்டலங்களின் பட்டியல். மூட்டைகள் ஏற்கெனவே எடை போட்டு உள்ளே போய்விட்டிருந்தன. அவற்றின் அடையாளச் சீட்டுகளை என் டிக்கெட் உறையில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மூட்டைகளை நான் கண்ணால் பார்க்கவில்லை.

விமானத்தில் நான் மற்றவர்களைப் போல ஒரு பயணி, அவ்வளவுதான். சாப்பாடு, படம், தூக்கம். குடிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தக் காலத்தில் ஹாங்காங் என்றால் காய் டாக் விமான நிலையம். விமானம் கவுலூன் நகரத்துக் கட்டடங்களுக்கு மேலே தாழப் பறந்து வரும். குன்றின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பெரிய பலகை ஒன்று இருக்கும். அதைக் குறியாக வைத்து விமானி வலது பக்கம் ஒடித்து இறக்குவார். மொட்டைமாடிக் கொடியில் துணி காய்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. 1998இல் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள்.

இறங்கிய பிறகுதான் வேடிக்கை. வாசலில் என்னைச் சந்திக்க வேண்டிய ஆள் இல்லை. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, இரவல் கோட்டில் வியர்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் நின்றேன். கொடுத்த எண்ணுக்குப் போன் செய்ய உள்ளூர்ச் சில்லறை இல்லை. பணம் மாற்றப் போனால் அந்த நேரத்தில் ஆள் வந்துவிடுவாரோ என்று பயம். ஒருவழியாக இளைஞர் ஒருவர் ஓடி வந்து, உறையை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் ஓடினார். அத்தோடு என் வேலை முடிந்தது. மீதி எட்டு நாள் என்னுடையது.

திரும்பும்போது பெட்டி இல்லாதது உறைத்தது. அம்மாவுக்கு வாங்கிய ஃபிளாஸ்க்கைக் கைப்பையில் திணிக்க, போட்டிருந்த உடுப்புக்கு மேலே இன்னொரு உடுப்பு போட்டுக்கொண்டு வந்தேன். கூரியர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது பயமாக இல்லையா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. எனக்கும் முதல் நாள் இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர் தெரிந்த நிறுவனம், அதற்கு முகவரி உண்டு, சுங்கத்தில் பதிவு உண்டு. ஒவ்வொரு பொட்டலமும் அனுப்புபவர் பெயரோடு பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் சுங்க அதிகாரியிடம் போய்ச் சேரத்தான் நான் போகிறேன். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் காகிதம் இருக்கிறது. பின்னால், வியாபாரிகளுக்காகப் பெட்டி கொண்டுபோய்வரும் 'குருவி' பற்றிய கேள்வி வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"இல்லை, நான் கூரியர்" என்று உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான். அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்தது, சொந்தக்காரர் ஏறாமல் தனியாக ஏறிய ஒரு சூட்கேஸில். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் பான் ஆம் விமானம் வெடித்ததும் அதே மாதிரிதான். 270 பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஆள் ஏறாத பெட்டி ஏறக் கூடாது என்ற விதி இறுகியது. கூரியர் தொழிலுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டியது. பெட்டி போக ஆள் கட்டாயம் தேவை. ஆனால் தன் பெட்டியில் என்ன இருக்கிறதென்று தெரியாத ஆளைப் பார்த்தாலே பாதுகாப்புக்காரர்களுக்கு முகம் சுருங்கும்.

மனைவியோடு, நண்பரோடு சேர்ந்து போகலாமா?

ஒரு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு கூரியர் சீட்தான். ஜோடியாகப் போனவர்கள் இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று பிரிந்து போய் அங்கே சேர்ந்துகொள்வார்கள். குழந்தைகளோடு என்றால் மறந்துவிடுங்கள்.

அப்புறம் ஏன் இது இல்லாமல் போயிற்று?

இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் கெடுபிடியால் நின்றுபோனது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. நோய் அதற்கு முன்பே பிடித்துவிட்டது.

முதலில் பெட்டிக்குள் இருந்தது கரைந்தது. கூரியர் மூட்டையில் பெரும்பகுதி காகிதம். ஃபேக்ஸ் வந்தபோது கொஞ்சம் போயிற்று, மின்னஞ்சல் வந்தபோது நிறையப் போயிற்று. காசோலையும் அப்படித்தான். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்கள் சில நாள் தரையில் நின்றபோது காகிதக் காசோலைகள் ஊர் ஊராகத் தேங்கிவிட்டன. அதற்குப் பிறகு 2003இல் சட்டம் போட்டார்கள். 2004 அக்டோபரிலிருந்து காசோலைக்குப் பதிலாக அதன் படத்தின் அச்சுநகலே செல்லும் என்றாயிற்று. காசோலையைப் பறக்கவிட வேண்டிய தேவையே குறைந்துபோனது.

இரண்டாவது, சுங்கம் கணினிக்கு மாறியது. விமானம் வானத்தில் இருக்கும்போதே பொட்டலங்களின் விவரம் அதிகாரியின் திரைக்குப் போய்விடுகிறது என்றால், சரக்கும் பெட்டியும் ஏறக்குறைய ஒரே வேகம். ஆளை ஏற்றி மிச்சம் பிடித்த அந்த ஒரு நாள் காணாமல் போயிற்று. 1973இல் மெம்ஃபிஸிலிருந்து பறக்கத் தொடங்கிய ஃபெடெக்ஸ் போன்றவர்களிடம் சொந்த விமானக் கூட்டமே இருந்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். சொந்த விமானம் இருப்பவனுக்கு என் பெட்டி உரிமை எதற்கு?

மூன்றாவது, மலிவு விமான நிறுவனங்கள் வந்து டிக்கெட் விலையையே இறக்கிவிட்டன. கைப்பையோடு மட்டும் போனால் குறைந்த விலை என்று இன்று அவர்கள் விற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் கூரியர் டிக்கெட்டும் இதேதானே!

இப்போது கூரியராகப் போக வழியே இல்லையா?

மலிவாக ஊர் சுற்ற, இல்லை. 'கூரியர் விமானங்களின் பட்டியல் தருகிறோம், உறுப்பினர் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால் கட்டாதீர்கள்.

தொழிலாக இருக்கிறது. ஆன்போர்ட் கூரியர் என்பார்கள். ஒரு கார்த் தொழிற்சாலையில் சின்ன உதிரிபாகம் தீர்ந்து உற்பத்தி வரிசை நிற்கப்போகிறது, அல்லது பழுதான விமானம் வெளியூரில் தரையில் நிற்கிறது. அடுத்த சரக்கு விமானம் வரை காத்திருந்தால் ஆகும் நஷ்டத்தைவிட, ஓர் ஆளிடம் அந்தப் பாகத்தைக் கொடுத்து அடுத்த பயணி விமானத்தில் ஏற்றிவிடுவது லாபம். போன் வந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். எட்டு சூட்கேஸ் நிறைய இரும்பை இழுத்துக்கொண்டு, விலைப்பட்டியலோடு சிவப்பு வழியில் போய்ச் சுங்கத்தில் அறிவித்து, வரி கட்டி, வாசலில் காத்திருக்கும் வண்டியில் ஒப்படைத்துவிட்டு, பெரும்பாலும் அடுத்த விமானத்திலேயே திரும்ப வேண்டும். டிக்கெட்டும் தங்கும் செலவும் போகக் கூலியும் உண்டு. ஆனால் பாரிஸ் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, பார்த்தது விமான நிலையத்துக் கழிப்பறையாகத்தான் இருக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இந்த வேலை கிடைக்குமா?

கஷ்டம். நாளைக் காலை எந்த நாட்டுக்கும் கிளம்ப முடிகிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். நமக்கு விசா வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்கா, ஐரோப்பா என்று நீண்டகால விசாக்கள் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே குத்தியிருந்தால் ஓரளவு வாய்ப்பு. வேலைக்காகப் போகும்போது சுற்றுலா விசா செல்லுமா என்பதையும் அந்தந்த நாட்டு விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தன்னார்வக் கூரியர் என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவருக்குப் பொருந்துகிற குருத்தணு (ஸ்டெம் செல்) வேறொரு நாட்டுக் கொடையாளரிடம் கிடைக்கும். எடுத்த அணுக்களைக் குளிர் குறையாத பெட்டியில், பொதுவாக 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஏற்றிவிட வேண்டும். எக்ஸ்-ரே கருவிக்குள் விடக் கூடாது, கண் மறைவில் வைக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் பெட்டி கூடவே போகும். பிரிட்டனில் ஆந்தனி நோலன் அமைப்பு இதற்குத் தன்னார்வலர்களைப் பயன்படுத்துகிறது, அமெரிக்காவிலும் உண்டு. செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கூலி கிடையாது. பயிற்சி, நேர்காணல் எல்லாம் உண்டு. ஊர் பார்க்க ஆசைப்பட்டு யாரும் இதற்குள் வரவேண்டாம்.

நம் ஊரில் இந்த அணுக்கொடைக்குப் பெயர் கொடுக்க விரும்பினால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009இலிருந்து இயங்கும் தாத்ரி பதிவகம் இருக்கிறது.

குருவியும் ஏர் கூரியரும் ஒன்றுதானே?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. வியாபாரி டிக்கெட் போட்டுக் கொடுப்பார், பெட்டி அவருடையது, பறப்பது நாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், கொழும்பு என்று போய்வருகிறவர்களைக் குருவி என்று சொல்லும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு டேப்ரெக்கார்டர் கிடைத்த காலத்தில், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

வித்தியாசம் காகிதத்தில்தான். பயணிக்கு வரியில்லாமல் விடும் சலுகை அவருடைய சொந்தப் பொருளுக்கும் பரிசுக்கும்தான், கடைக்காரரின் சரக்குக்கு அல்ல. குருவியின் பெட்டியில் கடைக்காரர் பெயர் எங்கேயும் இருக்காது. பிடிபட்டால் 'என்னுடையது' என்று சொல்ல வேண்டியவர் குருவி. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி பொருள் பறிமுதல், அபராதம், பெரிய தொகை என்றால் 7 ஆண்டு வரை சிறை. டிக்கெட் போட்டவர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். குருவிகளை நான் கேவலமாகப் பேசமாட்டேன். பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் பறப்பவர்கள் அதிகம். லாபம் ஒருவருக்கு, கைது இன்னொருவருக்கு என்கிற ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

"டிக்கெட் இலவசம், ஒரு பெட்டி மட்டும் கொண்டுபோனால் போதும்" என்று ஒருவர் சொல்கிறார். போகலாமா?

வேண்டாம். பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், நிறுவனத்தின் சுங்கப் பதிவைக் கேளுங்கள், சிவப்பு வழியில் போய் அறிவிப்பேன் என்று சொல்லிப்பாருங்கள். ஆள் மறைந்துவிடுவார்.

தெரியாமல் கொண்டுவந்தேன் என்பது எவ்வளவு தூரம் எடுபடும் என்று நினைக்கிறீர்கள்? சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. போதைப்பொருள் இருக்கும் பை உங்கள் கையில் இருந்தால், அது உங்களுடையது, உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு. ஹெராயினுக்கு அந்த அளவு 250 கிராம். ஒரு காப்பித்தூள் பாக்கெட் எடை.

சரி, சொந்தக்காரர் கொடுக்கிற பொட்டலத்தை என்ன செய்வது? வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே.

வருத்தப்படட்டும் என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் எனக்கும் அத்தைகள் இருக்கிறார்கள். நான் செய்வது இது. ஒட்டிய பொட்டலத்தை வாங்குவதில்லை. பிரித்து, என் கையாலேயே என் பெட்டியில் அடுக்குவேன். மாத்திரை என்றால் மருத்துவர் சீட்டோடு, அட்டை கிழியாமல். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளை வளைகுடா நாடுகளுக்கு யார் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

போன வருடம் துபாய்க்குக் கிளம்பும்போது அத்தை தன் மகளுக்காக மசாலாப் பொட்டலங்கள் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். சாம்பார்ப் பொடி, பட்டை, கிராம்பு, ஒரு சின்ன உறையில் கசகசா. குருமாவுக்காம். கசகசா வருவது அபினிச் செடியிலிருந்து. அமீரகத்தில் அதற்குத் தடை, சிங்கப்பூரிலும் கெடுபிடி. எடுத்து வெளியே வைத்தேன். "ஒரு ஸ்பூன்தானேடா, இதுக்குப் போயா?" என்றார் அத்தை. முந்திரி அரைத்து ஊற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினேன்.